நான்கு வருடம் சேர்ந்தால் ஒரு பட்டம்

மனித குலத்தை நெடுங்காலமாக வாட்டிவந்த ஒரு கேள்விக்கு விடை கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது என்பதை உரிய அடக்கத்தோடு இங்கே தெரிவித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. கேள்வி இதுதான்: எத்தனை வருட வேலை அனுபவம் ஒரு கல்லூரிப் பட்டத்துக்குச் சமம்? விடை: நான்கு. மூன்றே முக்காலும் இல்லை, நாலே காலும் இல்லை. நான்கு.

இந்தப் பேருண்மை வெளிப்பட்ட இடம் ஒரு லிஃப்ட் பராமரிப்புக் கம்பெனியின் அலுவலகம். ஊரில் உள்ள பாதி மாடிக் கட்டடங்களில் ஜனங்களை மேலும் கீழும் கொண்டுபோகிற கம்பெனி. ஆனால் அலுவலகம் தரைத்தளத்தில் இருந்ததால் அங்கே லிஃப்ட் கிடையாது. கண்டுபிடித்தவர் ஆளெடுப்பு அதிகாரி. அவருக்கு இரண்டு பட்டங்கள். இரண்டையும் கண்ணாடிச் சட்டம் போட்டு, நாற்காலிக்குப் பின்னால் தோளுக்கு ஒன்றாக வருகிற மாதிரி மாட்டியிருந்தார். எதிரே உட்கார்ந்து பார்த்தால் அவருக்குச் சிறகு முளைத்தது போலிருக்கும். அலுவலகத்தில் அவருக்கு ‘ரெண்டுபட்டம்’ என்று பெயர். அது அவருக்குத் தெரியும். கேலி என்பதுதான் தெரியாது.

பிரச்சினை புகார்த் தொலைபேசிப் பிரிவில் ஆரம்பித்தது. லிஃப்ட் பாதியில் நின்றுபோனால் உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் கூப்பிடுகிற இடம் அது. அங்கே மேற்பார்வைக்கு ஓர் ஆள் வேண்டும். பட்டதாரி அல்லாத ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் கட்டடமே இடிந்துவிடும் என்ற உறுதியில் ரெண்டுபட்டம் ஒருவர் பின் ஒருவராக மூன்று பட்டதாரிகளை எடுத்தார். முதலாமவர், இரண்டு மாடிகளுக்கு நடுவே தொங்கிக்கொண்டிருந்த ஓர் அம்மாளிடம் புகாரை எழுத்துமூலம் அனுப்பச் சொன்னார். இரண்டாமவர் தைரியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு, “பயப்படாதீங்க, உள்ள இருக்கிற காத்து தீர ரொம்ப நேரம் ஆகும்” என்றார். மூன்றாமவர் நல்ல பிள்ளை. மாட்டிக்கொண்டவர் அழ, கேட்டுக்கொண்டிருந்த இவரும் அழ, பக்கத்து மேஜைக்காரர் வந்து இரண்டு பேரையும் சமாதானப்படுத்த வேண்டியதாயிற்று.

கம்பெனியின் தலைவி, எல்லோருக்கும் மேடம், ரெண்டுபட்டத்தைக் கூப்பிட்டு, “சார், பட்டம் இல்லாட்டியும் பரவாயில்ல. ஜனங்களோட பேசிப் பழகின ஆளா பாருங்க” என்றார்.

‘பட்டம் இல்லாட்டியும் பரவாயில்ல’ என்ற வாக்கியத்தை அவர் தன் வாழ்நாளில் முதல்முறையாகக் கேட்டார். ஆனாலும் மேடம் சொன்னால் சொன்னதுதான். அதற்காக அனுபவத்தை அப்படியே தெருவிலிருந்து உள்ளே விட முடியுமா? அளந்துதான் விட வேண்டும். இரண்டு நாள் கதவைச் சாத்திக்கொண்டு அளந்தார். ‘பட்டம், அல்லது நான்கு வருட அனுபவம்’ என்று விளம்பரம் வெளிவந்தது.

அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றுவதற்குள் மனைவி வழியை மறித்தாள்.

“என்னங்க, உங்க ஆபீஸ் விளம்பரத்துக்கு என் தங்கச்சி எழுதிப் போட்டிருக்கா.”

“எது? எந்த வேலைக்கு?”

“அந்த டெலிபோன் வேலைக்குத்தான். பட்டம் இல்லாம இருந்தாலும் போடலாம்னு போட்டிருக்கீங்களாமே. நல்ல மனசு உங்களுக்கு. இத்தனை வருஷம் எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?”

மச்சினியின் கதை அவருக்குத் தெரிந்ததுதான். ஒரு பல் மருத்துவமனையின் முன்மேஜையில் பதினான்கு வருடமாக உட்கார்ந்திருக்கிறாள். டாக்டருக்கு வயதாகிவிட்டது, மகன் வீட்டோடு போய் இருக்கப் போகிறார், மாதக் கடைசியில் மருத்துவமனையை மூடுகிறார். மச்சினியின் கணவர் சாரத்திலிருந்து விழுந்து முதுகு போய், வீட்டில் படுக்கையும் தலையணையுமாக இருக்கிறவர். பள்ளிக்கூடம் போகிற பெண் ஒருத்தி. வீட்டில் அடுப்பு எரிவது மச்சினியின் சம்பளத்தில். அவளும் ஊரில் உள்ள அலுவலகம் ஒன்று விடாமல் ஏறி இறங்கிவிட்டாள். எல்லா இடத்திலும் முதல் கேள்வி ‘என்ன படிச்சிருக்கீங்க?’ என்பது. இரண்டாவது கேள்வி என்ன என்பது அவளுக்கு இன்றுவரை தெரியாது.

ரெண்டுபட்டத்துக்கு இரக்கம் வராமல் இல்லை. ஆனால் இரக்கத்தை முந்திக்கொண்டு கணக்கு வந்துவிட்டது. பதினான்கை நான்கால் வகுத்தால் மூன்றரை. மச்சினிக்கு மூன்றரைப் பட்டம்! தனக்கு இரண்டு!

அது ஒரு பக்கம். ‘கொழுந்தியாளைக் கொண்டுவந்து உட்காரவைப்பதற்காகவே விதியைத் தளர்த்தினான்’ என்று அலுவலகம் பேசுமே என்பது இன்னொரு பக்கம். மூன்றாவதாகவும் ஒன்று இருந்தது. அதை அவர் தனக்குத்தானேகூடச் சத்தமாகச் சொல்லிக்கொள்ளவில்லை. அவர் காலை முழுக்க அலுவலகத்தில் என்ன செய்கிறார் என்பது மச்சினி வழியாக அவர் மனைவிக்குத் தெரிந்துவிடும்.

மறுநாள் குளிக்கும்போது வழி பிறந்தது. ஈரத்தலையோடு அலுவலகம் வந்து ஒரு துணைவிதி எழுதினார். ‘ஒரே நாற்காலியில் அமர்ந்து ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்த வருடங்கள் எத்தனையானாலும் ஒரு வருடமாகவே கொள்ளப்படும். விண்ணப்பதாரர் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டதாக எடுத்துச் சொல்லக்கூடிய வருடங்கள் மட்டுமே தனியாகச் சேரும்.’ பல் மருத்துவமனை மேஜையில் என்ன புதிதாகக் கற்றுவிட முடியும்? வாங்க, உட்காருங்க, வாயைத் திறங்க. தீர்ந்தது. பதினான்கு வருடம் ஒரே வருடமாகச் சுருங்கி, ஒரு பட்டத்தில் கால்பங்காகிவிட்டது. மச்சினி பாவம்தான். ஆனால் விதி விதிதான்.

மேடத்தின் அறையில் அதை வாசித்தார். கணக்குப் பிரிவுக்காரரும் இருந்தார், எதையும் நம்பாத முகத்தோடு.

“இது எல்லாருக்குமா சார்?” என்று கேட்டார் கணக்குப் பிரிவுக்காரர்.

“விதின்னா எல்லாருக்கும்தான். ஆளுக்கு ஒரு சட்டமா போட முடியும்?” என்றார் ரெண்டுபட்டம் நெஞ்சை நிமிர்த்தி.

மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு இன்னொருமுறை படிக்கச் சொன்னார். படித்தார்.

“ரொம்ப நல்லா இருக்கே! இத்தனை வருஷமா நான் தேடிட்டிருந்தது இதுதான். நம்ம ஆபீஸ்ல இருக்கிறவங்களுக்கும் இதையே வெச்சுப் பார்த்துடுவோம். யாரு எந்தப் பதவிக்குத் தேறுவாங்க, யாரை வீட்டுக்கு அனுப்பலாம்னு தெளிவா தெரிஞ்சிடும். எழுதினவர் நீங்க, உங்ககிட்டேருந்தே ஆரம்பிப்போம். வர்ற திங்கக்கிழமை காலையில அந்த டெலிபோன் வேலைக்கு இண்டர்வியூ. மத்தியானம் நீங்க.”

கணக்குப் பிரிவுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய தோள்கள் மட்டும் குலுங்கின.

ரெண்டுபட்டம் அதே நாற்காலியில் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மச்சினி அக்கா வீட்டுக்கு வந்தபோது அத்தான் சாப்பாட்டு மேஜையில் ஒரு வெள்ளைக் காகிதத்தை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து அதில் இரண்டே வரி ஏறியிருந்தது. ஒரு வருடம் நாற்காலியை மாற்றினார்கள். இன்னொரு வருடம் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடும் இடம் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்குப் போனது.

“உங்க அத்தான் இருபத்திரண்டு வருஷத்தைத் தேடிட்டிருக்கார்டி. கட்டில் அடியில பாத்தாச்சு, இல்லையாம்” என்றாள் மனைவி.

“நீ சும்மா இரு அக்கா” என்று அக்காவை அடக்கிவிட்டு, மச்சினி ஒரு நாற்காலியை இழுத்தாள். நேர் எதிரே போடவில்லை, சற்றுப் பக்கவாட்டில் போட்டாள். ஒரு டம்ளர் தண்ணீரை அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தாள். எதுவும் கேட்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் அவரே வாயைத் திறந்து, துணைவிதி முதற்கொண்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். யாரை வெளியே நிறுத்துவதற்காக அதை எழுதினார் என்பது உட்பட. சொல்லி முடித்த பிறகுதான் ஏன் சொன்னோம் என்று விழித்தார்.

மனைவி கரண்டியோடு வந்து நின்றாள். “என் தங்கச்சியை வெளிய தள்ளவா எழுதினீங்க?”

“விடுக்கா. எழுதினாலும் நல்லாத்தான் எழுதியிருக்கார்” என்றாள் மச்சினி. அவள் குரலில் குத்தல் இருந்தது, ஆனால் கோபம் இல்லை. “எனக்கு அதுல பயமில்லை அத்தான். என் வருஷம் ஒண்ணு மாதிரி ஒண்ணு இருந்ததே இல்லை.”

“பல் டாக்டர்கிட்டயாம்மா?”

“முதல் வருஷம் என்ன கத்துக்கிட்டேன் தெரியுமா? சத்தம் போட்டு சண்டைக்கு வர்றவர்தான் அங்க இருக்கிறதுலேயே அதிகமா பயந்தவர். அடுத்த வருஷம் இன்னொண்ணு. ‘எனக்கு ஒண்ணும் அவசரமில்லம்மா, மத்தவங்களைப் பாருங்க’ன்னு ஒருத்தர் சொன்னா அவரை முதல்ல உள்ள அனுப்பிடணும். இல்லைன்னா நாம திரும்பறதுக்குள்ள ஓடிடுவார். ஒருத்தர் கழுத்துல கட்டின துண்டோட பஸ் ஸ்டாப் வரைக்கும் ஓடிட்டார் அத்தான்! நான் பின்னாலயே போய், திரும்பி வாங்கன்னு சொல்லவே இல்லை. எந்த பஸ்ஸுக்கு நிக்கிறீங்க, அது லேட்டாதானே வருதுன்னு பேசிட்டே பக்கத்துல நின்னேன். பஸ் வந்துச்சு, போயிடுச்சு, அவரா என்கூட திரும்பி நடந்து வந்தார்.”

ரெண்டுபட்டம் தண்ணீரைக் குடித்தார்.

“அப்புறம் அந்த மின்விசிறி. காத்திருக்கிற அறையில இருக்கிறது கிரீச் கிரீச்சுனு கத்தும். சரிபண்ண ஆள் வந்தப்போ நான்தான் வேண்டாம்னு திருப்பி அனுப்பினேன். டாக்டர் திட்டினார். அந்தச் சத்தம் இருந்தாதான் உள்ள பல்லைக் குடையற சத்தம் வெளிய கேட்காது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு அஞ்சு வருஷம் ஆச்சு. ஒரு வருஷம் முழுக்க ஒண்ணே ஒண்ணுதான் கத்துக்கிட்டேன். ‘வலிக்காது’ன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லக்கூடாது. ‘வலிச்சா கையைத் தூக்குங்க, நிறுத்திடுவாங்க’ன்னு சொல்லணும். அதுக்கப்புறம் கையே தூக்க மாட்டாங்க.”

அவள் சொல்லிக்கொண்டே போனாள். அடக்கம் கிடக்கம் எல்லாம் அவளிடம் கிடையாது. தான் செய்ததை, தன் கையால் கட்டிய வீட்டைச் சுற்றிக் காட்டுகிறவள் மாதிரி அறை அறையாகத் திறந்து காட்டினாள். ரெண்டுபட்டம் வாய் பிளந்து கேட்டார். அவருக்கு முதல் பட்டம் வாங்கித் தந்த பாடப்புத்தகத்தில் ‘அச்சமுற்ற வாடிக்கையாளரைக் கையாளுதல்’ என்று ஓர் அத்தியாயம் உண்டு. அதில் மின்விசிறி வரவில்லை.

“சரி, இப்ப உங்களுது” என்றாள்.

“என்கிட்ட ஒண்ணும் இல்லம்மா.”

“எங்கக்கா கல்யாணமாகி வந்த புதுசுல ஒரு திக்குவாய் மெக்கானிக்கைப் பத்தி சொன்னீங்களே. கதவு கத்துதுன்னு...”

“அதுவா? அது விதிமீறல். அதெல்லாம் கணக்குல வராது.”

“என்ன நடந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க.”

நடந்தது இது. நேர்முகத்துக்கு வந்த ஒருவருக்குப் பேச்சு வரவில்லை. கேள்விக்குப் பதிலாக முதல் எழுத்திலேயே தத்தளித்துக்கொண்டிருந்தார். ‘தெளிவாகப் பேசத் தெரிந்திருக்க வேண்டும்’ என்பது விதி. ஆனால் அந்த ஆளின் கண் கத்துகிற அறைக் கதவின் கீலிலேயே இருந்தது. சட்டென்று எழுந்துபோய், பையிலிருந்து திருப்புளியை எடுத்து நாலு திருப்பு திருப்பிவிட்டு வந்து உட்கார்ந்து, பழையபடி திக்கினார். ரெண்டுபட்டம் அவரை எடுத்துக்கொண்டார். கம்பெனியில் இன்றைக்கும் அவரை மிஞ்சிய மெக்கானிக் கிடையாது. அந்தக் கதவும் அன்றிலிருந்து கத்தவில்லை.

“அன்னைக்கு என்ன கத்துக்கிட்டீங்க?”

“பேச்சு வரலைன்னா விஷயம் இல்லைன்னு அர்த்தமில்லை” என்றார் அவர், திருடி மாட்டிக்கொண்டவர் குரலில்.

“ஒரு வருஷம் ஆச்சு. அடுத்தது?”

அவள் பல் பிடுங்குகிற இடத்துக்குப் பக்கத்தில் சும்மா ஒன்றும் உட்கார்ந்திருக்கவில்லை. ஒவ்வொன்றாக வந்தது. பிள்ளை வளர்க்க வேலையை விட்டவர் என்பதால் நிராகரித்த ஒரு பெண்ணை, மனது கேட்காமல் மறுநாள் கூப்பிட்டு எடுத்துக்கொண்டது. அவர்தான் இன்றைக்கு உதிரிபாகக் கிடங்கையே நடத்துகிறவர். பெரிய இடத்துச் சிபாரிசோடு வந்த ஒரு பையனை முகம் கோணாமல் கழித்துக்கட்ட, வேலை விடியற்காலையில் ஆரம்பம் என்று ஒரே ஒரு பொய் சொன்னது. ‘வேண்டாம்னா வேண்டாம், ஏன்னு மட்டும் சொல்லிடுங்க சார்’ என்று ஒரு வயதானவர் கேட்டதிலிருந்து, எடுக்காதவர்களுக்கும் காரணத்தை நேரில் சொல்லி அனுப்புவது. எல்லாம் அவர் தன் விதியை மீறிய இடங்கள். அதனால்தான் அவருக்கு நினைவில் இல்லை. நல்ல பிள்ளைகள் தப்புப் பண்ணியதை மறந்துவிடுவார்கள்.

“நாலு தேறுது அத்தான்” என்றாள் மச்சினி எழுந்து. “நாலு வருஷம்னா ஒரு பட்டம். அப்ப உங்களுக்கு மொத்தம் மூணு.”

“உனக்கு?”

“மூணரை.”

சமையலறையிலிருந்து அக்காவின் சிரிப்பு பாத்திரச் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

திங்கட்கிழமை நேர்முகத்தில் ரெண்டுபட்டம் முதல் வேலையாக எழுந்து நின்று, வருகிறவர்களில் ஒருத்தி தன் மனைவியின் தங்கை, ஆகவே தான் மதிப்பெண் போடப் போவதில்லை என்று அறிவித்தார். “துணைவிதியை அவளைத் தடுக்கத்தான் எழுதினேன்” என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டார். மேடம் ஒரு புருவத்தை மட்டும் தூக்கினார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் அந்த அறையில் யாருக்கும் புரியவில்லை. அவர் நடத்திய நேர்முகங்களில் உள்ளே வருகிறவர்கள் நடுங்குவது வழக்கம். அந்த நடுக்கத்தை அவர் தனக்குச் செய்யப்படும் மரியாதையாக எடுத்துக்கொள்வதும் வழக்கம். அன்றைக்கு ஒருவரும் நடுங்கவில்லை. வந்தார்கள், உட்கார்ந்தார்கள், ஏதோ சொந்தக்காரர் வீட்டுக்கு வந்த மாதிரி பேசினார்கள். ஒல்லியாக ஒரு பட்டதாரிப் பையன் வந்தான். காலையில் மேடம் பார்க்க விண்ணப்பத்தைக் கொடுத்தபோது கை உதறி அதைக் கீழே போட்டவன் அவன். இப்போது கணீரென்று பதில் சொன்னான். லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டவரிடம் என்ன சொல்வாய் என்று மேடம் கேட்டதற்கு, “எந்த மாடியில இருக்கீங்கன்னு கேட்க மாட்டேன் மேடம், அது எங்களுக்கே தெரியும். யாரைப் பார்க்கப் போயிட்டிருந்தீங்கன்னு கேட்பேன்” என்றான்.

கணக்குப் பிரிவுக்காரர்கூட நிமிர்ந்தார். மேடம் பேனாவைத் திறந்துவிட்டார். ரெண்டுபட்டம் கதவைப் பார்த்தார். வேலை இவனுக்குத்தான். நியாயமாகவும் இவனுக்குத்தான். மச்சினி இன்னும் உள்ளேயே வரவில்லை. மாதக் கடைசி வரப்போகிறது.

“காலையில வர்றப்போ அப்படி நடுங்கினீங்க” என்றார் மேடம். “இப்ப எப்படி?”

“வெளிய ஒரு அக்கா உட்கார்ந்திருக்காங்க மேடம். அவங்கதான் பேசிட்டிருந்தாங்க. ஒண்ணும் சொல்லிக்கொடுக்கலை. இங்க வரலைன்னா இந்நேரம் யாரைப் பார்க்கப் போயிருப்பீங்கன்னு கேட்டாங்க. நான் எங்க அம்மாவைப் பத்தி சொன்னேன். அப்புறம் பயம் போயிடுச்சு. எனக்கு மட்டுமில்ல, எல்லாருக்கும்தான். ‘எனக்கு அவசரமில்லை’ன்னு ஒருத்தர் சொன்னதும், அவரை முதல்ல அனுப்பிட்டாங்க.”

மேடம் எழுந்துபோய்க் கதவை லேசாகத் திறந்து பார்த்தார். வெளியே மச்சினி, தனக்குப் போட்டியாக வந்திருந்த இன்னொரு பெண்ணின் அருகே, நேர் எதிரே இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, ஏதோ பஸ்ஸைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். தன் பிழைப்பைத் தட்டிப் பறிக்க வந்தவர்களை ஒவ்வொருவராகத் தைரியம் கொடுத்து உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தாள். பதினான்கு வருடப் பழக்கம். வேறு மாதிரி உட்கார அவளுக்குத் தெரியவில்லை.

அவள் முறை வந்தபோது மேடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். “லிஃப்ட்டைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?”

“லிஃப்ட் தெரியாது மேடம், கத்துக்கணும்” என்றாள். “கதவு எப்ப திறக்கும்னு உள்ள உட்கார்ந்திருக்கிறவங்களைத் தெரியும்.”

கணக்குப் பிரிவுக்காரர் அந்த வருடத்தில் முதல்முறையாகத் தலையாட்டினார்.

மத்தியானம் மேடத்தின் முன்னால் ரெண்டுபட்டம் உட்கார்ந்தார். பின்னால் சிறகு இல்லை. அவர் அறையில் மாட்டியிருப்பதைத் தூக்கிக்கொண்டா வர முடியும்? நான்கு வருடத்தையும் ஒளிக்காமல் சொன்னார், விடியற்காலைப் பொய் உட்பட. மீதிப் பதினெட்டைப் பற்றிக் கேட்டபோது, “நாற்காலி மாத்தினாங்க மேடம்” என்றார். மேடம் சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஐந்தாவது வருடத்தை அன்று காலை எழுந்து நின்று உண்மையைச் சொன்னபோதே அவர் கற்றுக்கொண்டதைத் தான் பார்த்ததாகச் சொல்லி, போய் வேலையைப் பார்க்கச் சொன்னார்.

மாதம் பிறந்ததும் மச்சினி புகார்த் தொலைபேசிப் பிரிவின் மேற்பார்வையாளராக வந்து உட்கார்ந்தாள். ஒல்லிப் பையனையும் அவளுக்குக் கீழே எடுத்துக்கொண்டார்கள். அவள் போட்ட முதல் உத்தரவு, தன் தலைக்கு மேலே கத்துகிற மின்விசிறியை யாரும் தொடக்கூடாது என்பது. இப்போதெல்லாம் லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தவர்கள் சிலர், எந்த அவசரமும் இல்லாமல் அந்த எண்ணுக்குக் கூப்பிட்டு அவளிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வைப்பதுண்டு. ரெண்டுபட்டம் காலையில் தன் அறைக்குப் போகும்போது அவள் மேஜை வழியாகத்தான் போவார். அது சுற்றுவழி. போகிறபோது கொஞ்சம் நின்று காது கொடுப்பார். இரண்டு பட்டங்களுக்கு நடுவே ஓர் ஆணி அடித்திருக்கிறார். அதில் இன்னும் எதையும் மாட்டவில்லை.

அனுபவத்தை அளக்கும் அந்தத் துணைவிதி நேர்முகத்துக்கு அடுத்த வாரமே ரத்தாகிவிட்டது. மேடம் அதைத் தனக்கும் போட்டுப் பார்த்திருக்கிறார். இரண்டு வருடம்தான் தேறியதாம்.